தோட்டாத் தராசும் வெளுத்த பன்னிரண்டு தேக்சாவும்

தாகேதாவில் மின்சாரம் போனதும் சந்தோஷப்படுகிற ஒரு பெண்மணி இருக்கிறாள் என்று கியாக்டடாவில் ஒரு டீக்கடையில் கேள்விப்பட்டேன். யாங்கூனில் குடியிருந்துகொண்டு எத்தனையோ வதந்திகளை நம்பியிருக்கிறேன். டாலர் நாளைக்கு இறங்கும் என்றார்கள், நம்பினேன். இதை மட்டும் நம்ப முடியவில்லை. வதந்திக்கு இரண்டாம் பாதி ஒன்றும் இருந்தது. அந்தப் பெண்மணி வீட்டில் துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து நிறுக்கிற தராசு இருக்கிறதாம். இதைச் சொன்னவர் குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார். அதனால் கடை முழுவதும் கேட்டது.

மறுநாள் பஸ் ஏறி, பாலம் தாண்டித் தாகேதாவில் இறங்கினேன். வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. பட்டை, ஏலக்காய், ஜாதிபத்திரி வாசனை மூக்கைப் பிடித்து அழைத்துப் போய் வாசலில் விட்டது. வாசலில் ஏழெட்டு மேசை விசிறிகள் இறக்கை கழற்றப்பட்டுக் கிடந்தன. அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தவர் ஷம்சுதீன், விசிறி ரிப்பேர்காரர். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த திருப்புளியால் உள்ளே காட்டினார்.

“இரண்டுமே நெஜந்தான். உள்ளே இருக்கா. மெதுவா மூச்சு விட்டுக்கிட்டுப் போங்க.”

மெதுவாக மூச்சு விடச் சொன்னதன் பொருள் எனக்கு அரைமணி நேரம் கழித்துத்தான் விளங்கியது.

உள்ளே இருந்தவர் ரஹீமா, ஷம்சுதீனின் மனைவி. ஐம்பதை நெருங்குகிற வயது. பதினேழு வருஷமாக இந்த வீட்டில் அவர் கட்டுவது ‘ஒரு தேக்சாப் பொட்டலம்’. ஐந்து வீசை அரிசி வேகிற ஒரு தேக்சாவுக்கு ஒரு பொட்டலம். பிரித்துக் கொட்டினால் போதும், பர்மியர் டான்பவுக் என்று அழைக்கிற பிரியாணி தயார். பட்டை, கிராம்பெல்லாம் கைப்பிடிக் கணக்கு. அவற்றில் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். குங்குமப்பூ அப்படியில்லை. அதைக் கல்கண்டோடு சேர்த்து மாவாக அரைத்து, மூன்று விரலால் ஒரே ஒரு சிட்டிகை எடுத்து, மேலே தூவிப் பொட்டலத்தை மடிப்பார். சோற்றின் நிறம், மணம், கடையின் பெயர் எல்லாம் அந்தச் சிட்டிகையில் இருக்கிறது.

வாரத்துக்கு எண்பது பொட்டலம். அதில் நாற்பதை வாங்குபவர் ஒரே ஆள், கியாக்டடாவில் டான்பவுக் கடை வைத்திருக்கும் இனாயத்துல்லா. கோடை தொடங்கியதும் அவர் முறையிட ஆரம்பித்தார். ஒரு தேக்சா தங்கமாக இறங்குகிறது, அடுத்த தேக்சா காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்து இறங்குகிறது என்றார். கடைசியில் ஒருநாள், கடையில் ஆள் நிறைந்த நேரத்தில், ரஹீமாவின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

“கை சுருங்கிப் போச்சா, ரஹீமா? இல்ல, பூ வெலை ஏறினதும் மனசு சுருங்கிப் போச்சா?”

தன் விரல் பதினேழு வருஷத்தில் ஒரு தூள் தப்பியதில்லை என்று ரஹீமா அதே கூட்டத்தின் நடுவில் சத்தியம் செய்துவிட்டு வந்தார். இனாயத்துல்லா மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார். அதற்குள் எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி வராவிட்டால், வெளிநாட்டு டப்பா மசாலாவுக்கு மாறிவிடுவாராம். நாற்பது பொட்டலம் போனால் வீட்டில் பாதி அடுப்பு அணைந்த மாதிரி. ஆனால் ரஹீமாவைத் தூங்கவிடாதது அந்தப் பாதி அல்ல, அந்தக் கேள்வி. தன் விரல் சரிதான் என்று நிரூபிக்க அவர் தராசு தேடிப் புறப்பட்டார்.

முதலில் சமையல் தராசு. பார்க்க அழகாக இருந்தது, கண்ணாடித் தட்டு. சிட்டிகைப் பொடியை வைத்தால் பூஜ்யம் என்றது. இன்னொரு சிட்டிகை வைத்தார், அதற்கும் பூஜ்யம். முழு கிராமுக்குக் கீழே எதையும் அது மனுஷனாகவே மதிப்பதில்லை. ஒருநாள் கூலியைத் தட்டில் வைத்து ஒன்றுமே இல்லை என்று சொல்கிற சாமான் எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து நகைக்கடைத் தராசு. துல்லியத்தில் குறையில்லை. ஆனால் தட்டு ஒரு சட்டைப் பொத்தான் அளவு. மோதிரம் உட்காரும், பொடி உட்காராது. கவிழ்த்தால் பாதி பொட்டலத்தில் விழும், மீதி விளிம்பைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்னும்.

மூன்றாவதைக் கொண்டுவந்தவன் பாலா, செல்போனிலேயே கடை நடத்துகிறவன். பெட்டியின் மேல் பெரிய துப்பாக்கித் தோட்டாப் படம். வெளிநாட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் சுட்டு முடித்த வெறும் கூட்டைத் தூக்கிப் போடுவதில்லையாம். வீட்டிலேயே மருந்தை நிறுத்துப் போட்டு மறுபடி தோட்டாவாக்குவார்களாம். அதற்கென்றே செய்த தராசு. கிராமில் நூறில் ஒரு பங்கைத் தெளிவாகக் காட்டும். தட்டுக்குப் பறவை அலகு மாதிரி மூக்கு உண்டு, பொடி ஒரு துளி சிந்தாமல் இறங்கும். சரிபார்க்க ஓர் எடைக்கல்லும் உண்டு. பேட்டரியில் ஓடும்.

“மருந்து கொஞ்சம் கூடினாலும் சுடுறவன் மூஞ்சியிலயே வெடிச்சிரும் அக்கா. அவ்ளோ கரெக்டு,” என்றான் பாலா.

“எனக்கு மூஞ்சி வெடிக்கலேன்னாலும் இனாயத்துல்லா பாய் வெடிப்பாருடா. எடு அதை.”

பெட்டியைப் பக்கத்து வீட்டு தைலம்மாள் பொத்தான் போட்டு வைக்க வாங்கிக்கொண்டு போனார். படத்தைத் தெருவுக்குத் தெரியும்படி ஜன்னலில் வைத்தார். வதந்தியின் இரண்டாம் பாதி அந்த ஜன்னலில் பிறந்தது.

தராசை முதலில் திறந்தபோது சிட்டிகைக்கு மூன்று புள்ளி எட்டு ஆறு என்று காட்டியது. கிட்டத்தட்ட நாலு கிராம். இவ்வளவு அள்ளிக் கொடுத்துமா அந்த மனுஷன் பேசினார் என்று ரஹீமா கொதித்துப் போனார். பாலா வந்து, அது கிராம் அல்ல, வேட்டைக்காரர்களின் ‘கிரெயின்’ கணக்கு என்று ஒரு பொத்தானை அமுக்கினான். நாலு கிராம் சட்டென்று கால் கிராமாகச் சுருங்கியது. பெருமையும் அதே அளவுக்குச் சுருங்கியது.

அடுத்த தொல்லை காற்று. விசிறி ஓடினால் தராசின் எண்கள் ஒரு நிலையில் நிற்காமல் ஆடின. கால் கிராம், அரைக்கால், மறுபடி கால். யாராவது பெருமூச்சு விட்டால்கூடக் கணக்கில் ஏறியது. ஆக, நிறுக்கும்போது விசிறி கூடாது. சித்திரை வெயிலில், விசிறி ரிப்பேர்காரரின் வீட்டில். ஷம்சுதீன் இதைத் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். வீடு இரண்டு கட்சியாகப் பிரியாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. மின்சாரத்தை இங்கே நம்மவர்கள் ‘மீ’ என்பார்கள். மீ இருக்கும் மணிநேரம் ஷம்சுதீனுக்கு, இல்லாத மணிநேரம் ரஹீமாவுக்கு. மீ போனதும் தெரு மொத்தமும் ஐயோ என்கிறபோது அந்த வீட்டிலிருந்து மட்டும் “அல்ஹம்துலில்லாஹ்” என்று ஒரு குரல் கேட்டால், தைலம்மாள் வேறு என்னதான் நினைப்பார்?

முதல்முறை மீ போனபோது ரஹீமா பொட்டலம் கட்டவில்லை. தன் விரலைத்தான் சோதித்தார். பத்துச் சிட்டிகை போட்டார். கிராமுக்கு நூறு புள்ளி என்ற கணக்கில் இருபத்தைந்து வர வேண்டிய இடத்தில் பதினேழு, பதினாறு, பதினேழு என்று வந்தது. தராசு பொய் சொல்கிறது என்று எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். கல் சரியாக நின்றது. மனுஷி சாப்பிடவில்லை.

மீ வந்ததும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மறுபடி பத்துச் சிட்டிகை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மூடி வைத்தார். பிறகு, ஷம்சுதீனின் முணுமுணுப்புக்கு நடுவே விசிறியை அணைத்துவிட்டு நிறுத்துப் பார்த்தார். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்துநாலு, இருபத்தைந்து. அதே பெண், அதே மூன்று விரல். ஒன்றும் புரியாமல் கை துடைக்கிற துணியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். துணி முழுக்க மஞ்சள்.

விசிறி இல்லாத நேரத்தில் விரல் வியர்த்திருக்கிறது. கல்கண்டு கலந்த பொடி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பொட்டலத்தில் விழ வேண்டியது விரலிலேயே தங்கி, துணிக்குப் போயிருக்கிறது. மீ இருந்த நாளில் கட்டிய பொட்டலம் தங்கம், இல்லாத நாளில் கட்டியது காய்ச்சல். இனாயத்துல்லாவின் சோற்றுக்கு நிறம் போட்டது மின்வெட்டு அட்டவணை. அவர் சொன்னது சரி, ரஹீமா செய்த சத்தியம் தப்பு.

ஷம்சுதீன் நடைமுறை தெரிந்தவர். இனிமேல் நிறுத்துக் கட்டினால் எல்லாம் ஒன்றுபோல வரப்போகிறது, பழையதை எதற்குக் கிளற வேண்டும் என்றார்.

“அந்தக் கடையில இருபது பேர் கேக்க சத்தியம் பண்ணியிருக்கேன், மச்சான். அதை யாரு போய்த் திரும்ப வாங்குறது?”

மறுநாள் மதியம், கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, ரஹீமா தராசோடும் மஞ்சள் துணியோடும் கியாக்டடா போய் இறங்கினார். கல்லா மேசையில் தராசை வைத்தார். கடையின் விசிறிகளை நிறுத்தச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முறைத்தார்கள். தேநீர்க் கோப்பையில் விரலை நனைத்து ஒரு சிட்டிகை, நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு சிட்டிகை. இரண்டையும் நிறுத்துக் காட்டி, துணியையும் விரித்து, உங்கள் பூ இங்கேதான் இருக்கிறது பாய் என்றார்.

இனாயத்துல்லா துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒரு சிட்டிகை எடுத்து வைத்துப் பார்த்தார். நாற்பத்தொன்று காட்டியது. சமையல்காரர் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நாற்பது பொட்டலம் நாற்பதாகவே இருக்கட்டும், டப்பா மசாலா வேண்டாம் என்று இனாயத்துல்லா அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். மனசு சுருங்கிய பேச்சையும், விசிறியைப் போடுகிற சாக்கில் எழுந்து, பாதி வாய்க்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் வியாபாரி. சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி எடுத்து வந்தார். வெளுத்த தேக்சா ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு சிவப்பு வட்டம். எண்ணினார்கள், பன்னிரண்டு.

ரஹீமா திருப்பித் தர வேண்டிய பூவைக் கணக்குப் போட்டார்கள். பொட்டலத்துக்கு எட்டுப் புள்ளி குறைவு. பன்னிரண்டுக்குத் தொண்ணூற்றாறு. ஒரு கிராமுக்கு நாலு புள்ளி கம்மி.

“ஒரு கிராம்னு வச்சுக்கோ, ரஹீமா.”

“தராசு தொண்ணூத்தாறுங்குது பாய். வச்சுக்க நான் யாரு?”

இது இன்னும் தீரவில்லை. அந்தப் பூ எப்போது வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். இனாயத்துல்லாவின் மூத்த மகள் கல்யாணத்தன்று, பெரிய தேக்சாவில், அதைத் தனியாகப் போட வேண்டும். மகள் பாங்கில் வேலை பார்க்கிறாள். இதுவரை மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றிருக்கிறாள். நான்காவது ஆளைப் பார்க்க நேரமில்லை என்கிறாள்.

நான் விடைபெறும்போது ரஹீமா அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினார். மூடி இறுக்கி, அதன்மேல் மெழுகும் வைத்திருந்தது. உள்ளே தொண்ணூற்றாறு புள்ளி. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் நான்காக மடித்து இருந்தது. அதில் என்ன என்று கேட்டேன்.

“மிச்ச நாலு புள்ளி. பாய்கிட்டச் சொல்லிறாதீங்க.”

அதற்குள் மீ வந்துவிட்டது. வாசலில் ஷம்சுதீன் அதற்குள் இறக்கை மாட்டி முடித்திருந்த விசிறிகளெல்லாம் ஒரே நேரத்தில் சுற்ற ஆரம்பித்தன. ரஹீமா காகிதத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.