பிய்யும்படி தைத்த தோள்பட்டி

தையற்காரி ஒட்டீலியே தைக்கும் தோள்பட்டி, இழுத்தவுடன் கையோடு வந்துவிட வேண்டும். பெர்லினுக்கு வெளியே இருந்த சினிமாக் கம்பெனியின் உடுப்பு அறையில் அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே வேலை. படத்தில், பதினெட்டாம் வருஷம் போரில் தோற்று ஊர் திரும்பும் சிப்பாயை ரயிலடியில் செங்கொடிக் கூட்டம் சூழும்; ஒருவன் அவன் தோள்பட்டியைப் பிய்த்துக் காறித் துப்புவான். இயக்குநர் "இன்னொரு தடவை" என்றால், அவள் மறுபடியும் வலுவில்லாமல் இரண்டு தையல் போடுவாள். நன்றாகத் தைக்கத் தெரிந்தவளுக்கு இப்படி ஒரு பிழைப்பு!

படம் வந்ததும் கணவன் ஆல்வினைக் கூட்டிப்போனாள். அதுதான் அவள் செய்த தப்பு. அவன் விசும்பி விசும்பி அழுதான். மறுநாள் பீர்க்கடையில், "எனக்கும் இப்படித்தான் பிச்சாங்க" என்றான். வேலையில்லாத மனிதனுக்கு யாரோ பீர் வாங்கிக் கொடுத்தார்கள். பீருக்குப் பீர் கதை வளர்ந்தது.

"என்னய்யா உளர்றே?" என்றாள் ஒட்டீலியே. "பதினெட்டாம் வருஷம் காய்ச்சலோட வந்த உன்னை ஸ்டேஷன்லேர்ந்து தாங்கிக்கிட்டு வந்தது யாரு? மேல்மாடி ரைன்ஹோல்ட். பட்டியை எடுத்தது நான், இதே அடுப்படியில. உன் பட்டாளத்துக் கோட்டை வெட்டித்தானே நம்ம பொண்ணுக்குக் கோட்டு தைச்சேன்?"

"நீ ஸ்டேஷன்ல இருந்தியாடி? எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது."

நிற்காமல் என்ன செய்யும்? நிற்க வைத்ததே அவள் ஊசிதான்.

ரைன்ஹோல்ட் ட்ராம் ஓட்டுபவன், சிவப்புக் கட்சிக்காரன். பஞ்ச காலத்தில் தன் உருளைக்கிழங்கில் பாதியை இவர்களுக்குக் கொடுத்தவன். பிய்த்தது யார் என்று பீர்க்கடையில் கேட்டபோது ஆல்வின் வாயில் வந்ததும் அவன் பெயர்தான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான்.

ஞாயிறு மதியம், செங்கொடிக்காரர்களை வேட்டையாடும் பழுப்புச் சட்டைப் படையினர் இருவர் வந்தார்கள். இப்போது அவர்கள் ஆட்சி.

"நீங்க சொன்ன ஆளு மேல்மாடியிலதானே இருக்கான்?"

ஒட்டீலியே பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கிடந்த இரண்டு தோள்பட்டிகளையும் மேசையில் வைத்தாள். ஒன்றிலும் கிழிசல் இல்லை.

"பாருங்க, யாரும் பிய்க்கல. நான்தான் கத்தரியால தையல் பிரிச்சேன். ஆல்வின், சொல்லேன்யா!"

ஆல்வின் ஒன்றை எடுத்துத் தடவினான். காய்ச்சலோடு வந்த அன்றைய முகம் அவனுக்குத் திரும்பியதைக் கண்டு, அவளுக்கு உயிர் வந்தது.

"இது சினிமாவுக்கு இவ தைச்சது," என்றான். "இவ வேலையே அதுதான்."

வந்தவர்கள் சிரித்தார்கள். "நல்லாத் தைக்கிறீங்கம்மா," என்றான் ஒருவன். பூட்ஸ்கள் படியேறின. மேலே ரைன்ஹோல்ட் வழக்கம்போலக் கதவைத் தாழிடாமல் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தான். அந்த வாசனை கீழே வரை வந்தது.