அடி அண்ணாமலையில் தொலைந்த இயர்போன்

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினோம், நானும் என் மனைவி விமலாவும். திருவண்ணாமலைக்கு அமைதி தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். நான் அமைதியை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து முன்பே வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஒரு வெள்ளை டப்பா, அதற்குள் வயர் இல்லாத இரண்டு இயர்போன்கள். காதில் செருகிக்கொண்டால் வெளிச்சத்தத்தை எல்லாம் அதுவே அடக்கிவிடும் என்று எங்கள் அச்சகத்தில் டிசைன் பார்க்கும் தம்பி சொல்லியிருந்தார். “போட்டீங்கன்னா ஒரு சத்தமும் கேக்காது சார்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணம் எதற்கென்று புரியாது. இருபது வருஷத்துக்கு மேல் ஆப்செட் மெஷின் பக்கத்தில் நின்றவன் நான். இரண்டு வருஷமாக என் காதுக்குள் ஒரு சத்தம். மெல்லிசாக, கூர்மையாக, ‘ஈ’யென்று. நிற்பதே இல்லை. காது டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார், கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பார்த்தார், கடைசியில், “பழகிக்கோங்க” என்றார். பழகிக்கொள் என்பதை வீட்டிலேயே காசு வாங்காமல் சொல்லுகிறார்கள்.

சுற்றிலும் சந்தடி இருந்தால் அந்தச் சத்தம் கொஞ்சம் மறையும். ஊரடங்கினால் அது எழுந்துகொள்ளும். அதனால் இரவு முழுக்க டி.வி.யை ஓடவிட்டுத்தான் படுப்பேன். என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. குக்கர் விற்பார்கள், மூட்டுவலித் தைலம் விற்பார்கள். பக்கத்தில் படுத்திருக்கிற விமலாவுக்கு எப்படித் தூக்கம் வரும்? ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் தலையணையை எடுத்துக்கொண்டு, பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகனின் அறைக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுப் போயிருந்தால் சமாதானம் செய்து கூப்பிட்டிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் போனவளை என்னவென்று கூப்பிடுவது? எனக்கு அது வலித்தது, இன்னமும் வலிக்கிறது.

அவளுக்குப் புரியவைக்க நான் முயலாமல் இல்லை. “சில்வண்டு கத்தற மாதிரி இருக்கு விமலா” என்று ஒருமுறை சொன்னேன்.

“எங்க கீழ்பென்னாத்தூர்ல ராத்திரியெல்லாம் சில்வண்டு கத்தும். நாங்க தூங்கலையா?” என்றாள்.

அவள் கணக்கில் இது காதுக் கோளாறு அல்ல, மனக் கோளாறு. மலையைச் சுற்றினால் மனசு அடங்கும் என்று யாரோ சொல்ல, பௌர்ணமிக் கூட்டம் எனக்கு ஆகாது என்பதால் சாதாரணச் சனிக்கிழமையாகப் பார்த்து என்னைக் கிளப்பிவிட்டாள்.

செங்கல்பட்டு தாண்டியதும் இயர்போனைச் செருகிக்கொண்டேன். என்ன மாயமோ, பேருந்தின் உறுமல் அப்படியே அமுங்கிப் போனது. கண்டக்டர் வாயை வாயை அசைத்துக்கொண்டு வந்தார். முன் இருக்கைக் குழந்தை வாயைப் பிளந்து அழுதது, சத்தமில்லை. நல்லதுதான். ஆனால் வெளியே அடங்க அடங்க, உள்ளே என்னுடைய ‘ஈ’ மேலே வந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் எழுந்து போன அறையில் அதுவும் நானும் மட்டும் உட்கார்ந்திருக்கிற மாதிரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இதை வாங்கிய அன்றே கண்டுபிடித்துவிட்டேன். ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்ததால் வெளியே சொல்லவில்லை. போனில் மழைச் சத்தம் என்று ஒன்று இருக்கிறது, அதை இயர்போனுக்குள் ஓடவிட்டால் கொஞ்சம் தாங்கும். ஒருக்களித்துப் படுத்தால் காது வலிக்கும், விடிவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் அதன் பலன்.

செஞ்சி தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகள் வர ஆரம்பித்த பிறகு நான் கண்ணை மூடியிருந்தேன். விமலா தோளில் தட்டினாள். கழற்றினேன்.

“மூணு வாட்டி கூப்டேன். கீழ்பென்னாத்தூர் வந்திச்சி. நான் படிச்ச ஸ்கூலக் காட்டலாம்னு பாத்தேன். போயிடுச்சு.”

அதற்குப் பிறகு ஊர் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை. பேருந்து நிலையத்திலிருந்து லாட்ஜுக்கு ஆட்டோ, நூறு கேட்டு எண்பதுக்கு வந்தார். “இன்னிக்கு வந்தது நல்லதாப் போச்சு சார், கூட்டம் கம்மி” என்றார் ஓட்டுநர். “பௌர்ணமின்னா நான் வண்டியே எடுக்கமாட்டேன். சத்தம் ஜாஸ்தி, மண்டை இடிக்கும்.” அவரிடம் என் சத்தத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்து, களைப்பில் விட்டுவிட்டேன். லாட்ஜ் அறை ஆயிரத்து நூறு ரூபாய். சுத்தமான அறை, அமைதியான தெரு. டி.வி. மட்டும் வேலை செய்யவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு விமலா என் பக்கத்தில் படுத்து நிம்மதியாகத் தூங்கினாள். நான் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, மழைச் சத்தத்தைக் காதில் ஓடவிட்டு, அது தீர்ந்ததும் விடிவதற்காகக் காத்திருந்தேன். சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தால் தூக்கம் வராது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ராஜகோபுரத்தின் எதிரே கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தோம். பதினான்கு கிலோமீட்டர், செருப்பில்லாமல். வெயில் ஏறினால் தார் சுடும் என்று விமலா வேகமாக நடந்தாள். இயர்போனுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றியிருந்தேன், மழையும் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் காவி கட்டிய சாமியார்களின் வரிசை, சிலர் இன்னும் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். எனக்கு அவர்கள் மேல் பக்தி வரவில்லை, பொறாமைதான் வந்தது. செங்கம் சாலை வரை லாரிகள் கூடவே வந்தன. அதைவிட்டு உள்ளே திரும்பியதும் மரநிழலும் குரங்குகளும். மலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு மாதிரி தெரியும் என்று விமலா சைகையில் காட்டினாள். பார்த்தேன், தெரிந்தது. கால்தான் எரிந்தது.

ஏழரை மணி இருக்கும், அடி அண்ணாமலைக்கு வந்துவிட்டோம். கோயிலைத் தாண்டி ஒரு டீக்கடை. டீ பதினைந்து ரூபாய். பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தையும் கழுத்தையும் அழுத்தித் துடைத்தேன். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், மழை ஒரு காதில் மட்டும் பெய்துகொண்டிருந்தது. இடது காது காலி.

மடியில் இல்லை, துண்டில் இல்லை, பெஞ்சுக்கு அடியில் காகிதக் கப்புகளும் வேர்க்கடலைத் தோலும் குவிந்திருந்தன.

“அதுல சத்தம் வச்சிக் கண்டுபிடிக்கலாம்னு அந்தத் தம்பி சொன்னாரே” என்றாள் விமலா. ஆமாம், போனில் ஒரு பட்டன் உண்டு, அழுத்தினால் தொலைந்தது கத்தும். அழுத்தினேன். எங்கே கேட்பது? கடையில் பக்திப் பாட்டு, அடுப்பில் பால், எதிரே தரைவிரிப்பு விற்கிறவரின் மைக்கில் பதிவுசெய்த குரல் ‘ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ’ என்று ஓயாமல்.

டீக்கடை அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். “இன்னா சார் தேடறீங்க?”

“காதுல போடறது தொலைஞ்சிபோச்சுங்க. இங்கதான் எங்கயோ கெடந்து கத்துது, கேக்கமாட்டேங்குது” என்றாள் விமலா.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “அடப்பாவமே. காது கேக்காதா அவருக்கு?”

இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் பாட்டை நிறுத்தி, தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “யோவ், அந்த மைக்க நிறுத்துய்யா! காது கேக்காத மனுஷன், மெஷின் தொலைஞ்சிபோச்சாம். பீப்பீன்னு கத்துமாம். எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க!”

மைக் நின்றது. அடுப்பைத் தணித்தார்கள். வேன் ஒன்றை உறுமவிட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர் சாவியைத் திருப்பி அணைத்தார். நடந்துகொண்டிருந்த நாலைந்து பேர்கூட என்னவோ ஏதோ என்று அப்படியே நின்றுவிட்டார்கள். நானும் வலது காதில் இருந்ததைக் கழற்றினேன். ஊரார் வாயை அடைக்க ஒரு பொருளை வாங்கியவனுக்காக ஓர் ஊரே வாயை மூடிக்கொண்டு நின்றது. வெட்கமாக இருந்தது. இனிமேல் உண்மையைச் சொன்னால் உதை விழும் என்றும் தோன்றியது.

“கேக்குது, கேக்குது” என்றார் வேன் ஓட்டுநர்.

“இந்தப் பக்கம்தான்” என்றார் டீக்கடை அம்மா.

எனக்கும் கேட்டது. மெல்லிசாக, கூர்மையாக, ‘ஈ’யென்று. ஆனால் எந்தப் பக்கம்? முன்னால் கேட்டது, பின்னால் கேட்டது, மலைப் பக்கம் திரும்பினாலும் கேட்டது. கடையின் வாசலில் குனிந்து தேடினேன். “அங்க இல்ல சார், இங்க” என்றார்கள். இந்தப் பக்கம் வந்து தேடினேன். “ஐயோ பாவம், சுத்தமா கேக்கல அவருக்கு” என்றது ஒரு குரல். விமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “என்னங்க, இவ்ளோ பக்கத்துல கத்துது, தெரியலையா?” என்றாள்.

“எனக்கு எல்லாப் பக்கமும் கேக்குது விமலா” என்றேன். “இதுதான் அது. என் காதுல கேக்கற சத்தம் இதேதான்.”

அவள் சிரிப்பு நின்றது. மூன்று எட்டில் நேராகப் போய், விறகுக் கட்டுக்கும் பெஞ்சுக் காலுக்கும் நடுவிலிருந்து அதைப் பொறுக்கினாள். கொட்டிய டீத்தூள் ஒட்டியிருந்தது. இன்னும் கத்திக்கொண்டிருந்த அதைத் தன் காதருகே கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்து உடனே எடுத்துவிட்டாள். பிறகு மறுபடி கொண்டுபோய், சுளித்த முகத்தோடேயே வைத்துக் கேட்டாள்.

“இந்தச் சத்தமா?”

“ஆமா.”

“ராத்திரி பூராவுமா?”

“ராத்திரி, பகல், எப்பவும்.”

“இப்பவுமா?”

தலையை ஆட்டினேன். “நிறுத்துங்க” என்றாள். பட்டனை அழுத்தினேன். அவர்கள் எல்லாருக்கும் நின்றது. மைக் மறுபடி ‘ரெண்டு எடுத்தா’ என்று ஆரம்பித்தது, பால் பொங்கியது, வேன் உறுமியது. விமலா மட்டும் என் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கண்ணாடிக்குக் கட்டற மாதிரி ஒரு கயிறு கட்டிப் போடுங்க சார்” என்று சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லி அனுப்பினார் டீக்கடை அம்மா. அப்படியே செய்கிறேன் என்று கும்பிட்டேன்.

குபேர லிங்கக் கோயில் வரை விமலா எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். அங்கே தேங்காய் உடைக்கிற சந்தடியில் என் பக்கம் வந்து, “டி.வி. போட்டா போயிடுதா?” என்றாள்.

“போகாது. கொஞ்சம் மறையும்.”

“சில்வண்டுன்னீங்களே. சில்வண்டு இப்படியா கத்தும்? எனக்கு அந்த ஒரு நிமிஷமே பல்லு கூசிடுச்சு.” கொஞ்ச தூரம் போய், “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க” என்று முணுமுணுத்தாள். அது எனக்குச் சொன்னதா, அவளுக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. ஒன்பதரை மணிக்குச் சுற்றி முடித்தோம். மனசு அடங்கியதா என்று அவள் கேட்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணிப் பேருந்து. எப்போதும் நடு வரிசையில் ஜன்னல் தேடுகிற விமலா, அன்று எனக்கு முன்னால் ஏறி, முன்வரிசையில் எஞ்சின் பெட்டியை ஒட்டிய இருக்கையில் துண்டைப் போட்டாள். அனல் அடிக்கும், சத்தம் காதைப் பிளக்கும் என்று யாரும் உட்காராத இடம். “இங்க உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் எஞ்சின் போட்ட சத்தத்தில் என் ‘ஈ’ எங்கோ அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கால்களை நீட்ட இடமில்லை. ஆனாலும் அத்தனை சுகமாக நான் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது.

“குடுங்க அத” என்று கையை நீட்டினாள். டப்பாவைக் கொடுத்தேன். எப்படிச் செருகுவதென்று காட்டினேன். செருகியதும் அவள் கண்கள் அகலமாகின. எஞ்சினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் தோளில் சாய்ந்தாள்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி என்னிடம் கத்தினார். “பின்னாடி சீட்டு காலியாக் கீது சார். அம்மாவுக்கு இங்க சத்தம் ஜாஸ்தி.”

“பரவால்லங்க, சத்தத்துக்குத்தான் உக்காந்தோம்” என்று நானும் கத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

கீழ்பென்னாத்தூர் வந்தது, போனது. அவள் படித்த பள்ளிக்கூடம் எது என்று எனக்குத் தெரியாது. எழுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக எனக்குக் கிடைக்காத தூக்கத்தை அவள் இந்த எஞ்சின் பெட்டியின் அருகே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கையைக்கூட அசைக்கவில்லை. திருவண்ணாமலைக்குப் போய் அமைதி பெற்றுத் திரும்பியதாகப் பலர் சொல்லுவார்கள். எனக்கு நல்ல இரைச்சல் கிடைத்தது, அதுவே போதும் என்று இருந்தது.

திண்டிவனத்தில் விழித்தாள். இரண்டையும் கழற்றி, முந்தானையில் துடைத்து, டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தாள்.

“வீட்டுக்குப் போனதும் சார்ஜ் போடுங்க. ராத்திரிக்கு எனக்கு வேணும்.”

“பையன் ரூம்ல டி.வி. சத்தம் கேக்காதே விமலா. உனக்கு எதுக்கு?”

“அந்த ரூம்ல யாரு படுக்கப் போறா?” என்றாள்.