கறுப்புச் சரிவுக்கு ஒரு தோப்புக்கரணம்

தவநாயகி பனிச்சறுக்குக்குப் போகிறவள் என்று சொன்னால் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிற தமிழர்களில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நம்புகிற மற்றப் பாதிப் பேர், "நாப்பது வயதிலை இந்தப் பொம்பிளைக்கு உதென்ன விளையாட்டு?" என்று கேட்பார்கள். அதனால் அவள் ஒருவருக்கும் சொல்வதில்லை. வருடம் முழுவதும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஊராரின் இரத்தத்தைப் பரிசோதிப்பாள், வீட்டில் சமைப்பாள், வெள்ளிக்கிழமையில் மரக்கறி சாப்பிடுவாள். மாசி மாதத்தில் ஒரு கிழமை மட்டும் காணாமல் போய்விடுவாள். கேட்பவர்களுக்கு அவளுடைய புருஷன் கணேசலிங்கம், "வேலையிலை ஏதோ பயிற்சியாம்" என்பான். பொய் சொல்லும்போது முகம் மாறாத மனிதன். கவுன்சிலில் முறைப்பாடு கேட்கும் மேசையில் இருந்து வந்த பழக்கம் அது.

இந்தப் பைத்தியம் தொடங்கியது எண்பத்தேழாம் ஆண்டில். ஆஸ்பத்திரி ஊழியர் குழு பிரான்ஸ் மலைகளுக்குப் புறப்பட்டபோது கடைசி நேரத்தில் ஒருத்தி வரமுடியாது என்றுவிட்டாள். அந்த இடத்தில் தவநாயகியைத் தள்ளிவிட்டவள் அதே ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்யும் றோஸ்மலர். "சும்மா பனியைப் பாத்திட்டு வருவம் வாடி" என்றாள். போனவள் முதல் நாள் முழுக்க விழுந்தாள், இரண்டாம் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள், மூன்றாம் நாள் யாரும் பிடிக்காமல் ஒரு மேட்டிலிருந்து இறங்கினாள். அந்த ஒரு நிமிடம் அவள் யாருக்கும் மனைவியில்லை, யாருக்கும் மருமகளில்லை. இறங்கி முடித்ததும் ஏன் அழுகை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த மலைகளில் பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை பழகுகிறவர்களுக்கு. பிறகு நீலம், சிவப்பு. கறுப்பு என்றால் விஷயம் தெரிந்தவர்கள் மட்டும். தவநாயகி ஏழு வருடத்தில் பச்சையிலிருந்து சிவப்புவரை வந்துவிட்டாள். தொண்ணூற்று நான்காம் ஆண்டு, காலில் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு கறுப்புச் சரிவின் உச்சியில் போய் நின்றாள். பலகைகளின் நுனி விளிம்புக்கு வெளியே தெரிந்தது. அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. இடது கால் தையல் மெஷினைப்போல நடுங்கத் தொடங்கியது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். கடைசியில் அவள், கம்பியில் தொங்கியபடி ஆட்களை மேலே ஏற்றிவரும் நாற்காலியிலேயே தனியாக ஏறிக் கீழே வந்தாள். எதிரே ஏறி வந்த ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் மனிதர்கள் அவளைப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் கை காட்டினார்கள். அதைப் போன்ற வெட்கக்கேடு தன் வாழ்நாளில் இல்லை என்று அவள் றோஸ்மலரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சரிவில் ஒருதரம் தன் காலால் இறங்கிவிட வேண்டும். தவநாயகிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அடுத்த வருடம் லீவு கிடைக்கவில்லை. தொண்ணூற்றாறு மாசியில் போவதென்று முடிவாயிற்று. றோஸ்மலர் முந்திய ஐப்பசியிலேயே கண்டிப்பான வாத்தியாராகிவிட்டாள்.

"உன்ரை துடையிலை பலமில்லை. அதுதான் கால் நடுங்கினது. குந்தி எழும்பு. சுவரிலை முதுகைச் சாய்ச்சுக் கதிரை இல்லாமல் இரு. பாரம் சுமந்து படி ஏறு. அதோடை, கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்ளை ஒவ்வொரு நாளும் அந்தச் சரிவிலை இறங்கு. ஒவ்வொரு திருப்பமாய் இறங்கு."

குந்தி எழும்புவதுதான் முதலில் இடக்குப் பண்ணியது. கையை முன்னே நீட்டிக் குந்தினால் அவள் பின்னால் விழுந்தாள். ஒருநாள் தன்னை மறந்து கைகளை மாற்றிக் காதைப் பிடித்தாள். உடம்பு அப்படியே நிமிர்ந்து நேராக இறங்கியது, ஏறியது. ஐந்து வயதில் பழகியதை முழங்கால் மறக்குமா? வீட்டில் கையைக் காலை நீட்ட இடமிருந்தது சாமியறையில் மட்டும். பிள்ளையாருக்கு முதுகைக் காட்டுவதும் சரியில்லை. ஆகவே காலையில் வேலைக்குப் போக முன்பு, பிள்ளையாரைப் பார்த்தபடி, காதைப் பிடித்துக்கொண்டு, ஆய்வுகூடத்துப் பழக்கத்தில் "வன், டூ, த்ரீ" என்று வாய்க்குள் எண்ணியபடி தவநாயகி தோப்புக்கரணம் போட்டாள்.

அந்த வீட்டில் அருள்மலரும் இருந்தாள். கணேசலிங்கத்தின் அக்கா, தவநாயகிக்கு மச்சாள். புருஷன் செத்தபிறகு ஒரு வருடம் முன்பு லண்டனுக்கு வந்தவள். மகன் குகதாசனைப் பின்னால் கூப்பிடலாம் என்று நம்பி, அவனை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த ஐப்பசிக் கடைசியில்தான், இராணுவம் நெருங்கிவர, சனமெல்லாம் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு எழும்பி நடந்தது. அதோடு குகனைப் பற்றிய செய்தி நின்றுபோயிற்று. சாவகச்சேரியில் கண்டதாக ஒருவர் சொன்னார். கிளாலிக் கடலேரியைத் தாண்டி வன்னிக்குப் போய்விட்டான் என்றார் இன்னொருவர். இருவரும் நிச்சயமில்லை என்றார்கள். பிறகு வீட்டில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. எடுத்தால் அருள்மலர் அழுவாள் என்று எல்லோருக்கும் பயம்.

ஒருநாள் காலை அருள்மலர் சாமியறைக் கதவைத் திறந்தாள். தவநாயகி வியர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்க வாங்கத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தாள். அருள்மலர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"குகனுக்காகத்தானே செய்யிறீர்?" என்றாள்.

தவநாயகியின் கைகள் இன்னும் காதில்தான் இருந்தன. கல்யாண வீட்டில் தன் கூறைச்சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்த குட்டிப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, இல்லை, பனியில் சறுக்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

"ஓம் மச்சாள்" என்றாள்.

அருள்மலர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பக்கத்தில் வந்து நின்று தானும் காதைப் பிடித்தாள்.

அன்று பிடித்தது சனி. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அருள்மலர் தன் தம்பி பெண்சாதியின் நேர்த்திக்கடனைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னாள். பெண்கள் தவநாயகியைக் கண்டதும் வழிவிட்டார்கள். ஐயர் பிரசாதத்தை முதலில் அவளுக்கு நீட்டினார். வீட்டில் அவள் பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு படி ஏறி இறங்கினாள். தொலைபேசியில் யாரோ கேட்டதற்கு, "பால்குடம் எடுக்கிற மாதிரித்தான், இஞ்சை இடமில்லைத்தானே" என்று அருள்மலர் விளக்கம் சொல்வது காதில் விழுந்தது. தவநாயகி சுவரில் சாய்ந்து கதிரையில்லாமல் இருந்தபோது, அதை ஒரு தவம் என்று மச்சாள் சொல்லிவிட்டாள். கணேசலிங்கம் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்தான்.

"சொல்லுங்கோவன் அவவுக்கு" என்று தவநாயகி கெஞ்சினாள்.

"ஓம் எண்டு சொன்னது நீ. இல்லை எண்டும் நீயே சொல்லு" என்றான் அவன். அந்த மனுஷனை அடித்தாலும் பாவமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு அவள் பெக்டனுக்குப் போவாள். பார்க்கிங்கிலிருந்து கொஞ்சத் தூரம்தான். பழைய காஸ் தொழிற்சாலைக் கழிவைக் குவித்து உண்டான மேடு அது. அதன்மேல் பிரஷ்போன்ற பிளாஸ்டிக் பாய் விரித்துப் பனிச்சறுக்குப் பழக விட்டிருந்தார்கள். விழுந்தால் தோல் உரியும். மேலே நின்று பார்த்தால் லொறிகள் ஓடும் பெருந்தெருவும் தொழிற்சாலைக் கூரைகளும் தெரியும். அந்த அழகான காட்சியைப் பார்த்தபடி றோஸ்மலர் கத்துவாள்:

"மலைப்பக்கம் சாயாதை! பள்ளத்துக்கு நெஞ்சைக் குடு! பின்னாலை சாஞ்சா பலகை வழுக்கும், முன்னாலை போனாத்தான் அது பனியைப் பிடிக்கும்!"

பயந்த உடம்புக்கு இது எப்படிப் புரியும்? விழப்போகிறோம் என்று தெரிந்தால் எந்த மனிதனும் பின்னால்தான் சாய்வான். சரிவிலோ அதுதான் ஆளை விழுத்தும். தவநாயகி விழுந்து விழுந்து அதைப் பழகினாள். மார்கழிக்குள் தொடை இறுகிவிட்டது. இடது கால் நடுங்குவதும் நின்றது.

ஆனால் மனசு இறுகவில்லை. பிள்ளையார் முன்னால் கண்ணை மூடி அந்தக் கறுப்புச் சரிவை நினைப்பாள். விளிம்புவரை போவாள். அங்கே கற்பனையிலும் கால் நகராது. அதற்குமேல், பக்கத்தில் அருள்மலர் "அப்பனே, என்ரை பிள்ளை" என்று முணுமுணுப்பது கேட்கும். ஒருத்தி தன் பிள்ளையைத் தேடிக் குந்தி எழும்புகிறாள். பக்கத்தில் இன்னொருத்தி விளையாட்டுக்குக் குந்தி எழும்புகிறாள். தவநாயகிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. தை பிறந்தும் குகனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. றோஸ்மலருக்குத் தொலைபேசி எடுத்து, "நான் வரேல்லை, வேற ஆளைப் பார்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் எழும்பவில்லை. கணேசலிங்கம் வேலைக்குப் போனபிறகு அருள்மலர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் படுத்துக் கிடக்கிறீர்? காய்ச்சலோ?"

"இல்லை மச்சாள். நான் இனிச் செய்யேல்லை." தவநாயகி எழும்பிக் கட்டிலில் இருந்தாள். "நான் குகனுக்காகச் செய்யேல்லை. பனிச்சறுக்குப் போறதுக்குத்தான் காலைப் பலப்படுத்தினனான். நீங்கள் கேட்டவுடனை பொய் சொல்லிப்போட்டன்."

அருள்மலர் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னெண்டு?"

"முதல்நாளே தெரியும். வாயிலை ஒரு தேவாரம் இல்லை. வன், டூ எண்டு இங்கிலீசிலை எண்ணிக்கொண்டு நிண்டீர். ஆர் பிள்ளையாருக்கு இங்கிலீசிலை எண்ணுறது? பிறகு அரிசி மூட்டை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போய் முழங்கை உரிஞ்சு வாறீர். நான் என்ன, விசரியே?"

"பின்னை ஏன் என்னட்டை அப்பிடிக் கேட்டனீங்கள்?"

அருள்மலர் கலைந்து கிடந்த போர்வையை இழுத்து மடித்தாள்.

"ஆராவது ஓம் எண்டு சொல்லவேணும் போலை இருந்தது. இந்த வீட்டிலை அவன்ரை பேரை ஒருத்தரும் எடுக்கிறேல்லை. நான் எடுத்தா எழும்பிப் போயிடுவினம். செத்த ஆளின்ரை பேர் மாதிரி. நீர் ஓம் எண்டு சொன்ன நாளிலையிருந்து, காலமையிலை கொஞ்ச நேரம் அவன்ரை பேரோடை இன்னொரு ஆளும் நிண்டது. பொய்யாய் நிண்டாலும் நிண்டதுதானே. எனக்குத் தனிய நிக்க ஏலாமல் கிடந்தது."

தவநாயகி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அருள்மலர் அழவில்லை. முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீர் போகாட்டி அவன் நாளைக்கு வந்திடுவானோ? போட்டு வாரும். காலை மட்டும் முறிச்சுக்கொண்டு வராதையும். பக்கத்திலை நிக்க எனக்கு ஆள் வேணும்."

மாசியில் தவநாயகி மறுபடியும் அந்தச் சரிவின் உச்சியில் நின்றாள். பலகைகளின் நுனி விளிம்புக்கு வெளியே தெரிந்தது. கால் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது. றோஸ்மலர் முன்னே போய்க் கீழே புள்ளியாக நின்றாள். பின்னால் நாற்காலிகள் வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்றில் ஏறி உட்கார்ந்தால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

தவநாயகி விளிம்பிலிருந்து கொஞ்சம் பின்வாங்கினாள். கையில் மாட்டியிருந்த கோல்கள் தொங்க, கைகளை மாற்றிக் கம்பளித் தொப்பிக்கு மேலாகக் காதுகளைப் பிடித்தாள். பூட்ஸ் விட்ட அளவுக்குக் குந்தி எழும்பினாள். திரும்பவும் குந்தி எழும்பினாள். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். பார்க்கிங்கில் ஒருத்தி இந்நேரம் தனியாக நின்று இதையே செய்துகொண்டிருப்பாள். மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்ததும் தவநாயகி காதை விட்டாள், கோலை ஊன்றினாள், பள்ளத்துக்கு நெஞ்சைக் கொடுத்தாள்.

நடுவில் ஒருதரம் விழுந்தாள். வாயெல்லாம் பனி. எழும்பித் தட்டிவிட்டு, ஒவ்வொரு திருப்பமாகப் பார்த்து, மிச்சத்தையும் இறங்கினாள். கீழே றோஸ்மலர் அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து இருவருமாக விழுந்தார்கள்.

பார்க்கிங்குக்கு வந்த மறுநாள் காலை உடம்பெல்லாம் நோவு. மலை முடிந்தது, இனிக் குந்தி எழும்ப ஒரு தேவையும் இல்லை. சாமியறையிலிருந்து சத்தம் கேட்டது. அருள்மலர் மூச்சு வாங்க, "வன்... டூ..." என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், பிள்ளையாருக்கு விளங்குமே?" என்று தவநாயகி வாசலில் நின்று கேட்டாள்.

"லண்டன் பிள்ளையார்தானே. பழகியிருப்பார்."

தவநாயகி உள்ளே போய்ப் பக்கத்தில் நின்று காதைப் பிடித்தாள். முழங்கால் சுள்ளென்று வலித்தது. அருள்மலர் இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை.

"குகனுக்காக" என்றாள் தவநாயகி.

அருள்மலர் பிள்ளையாரைப் பார்த்தபடியே இருந்தாள். "ஓம்" என்றாள்.