அவர் அழித்த தன் முதல் குறிப்பு

டெல்லியில், ஜனக்புரி போகும் மெட்ரோவில் பக்கத்தில் இருந்த அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேப்டாப்பில் எதையோ அழித்துக்கொண்டிருந்தார். முணுமுணுப்பு தமிழில் இருந்ததால் பேச்சுக் கொடுத்தேன். வெப்சைட் உருவாக்கப் பழகுபவர்களுக்காகப் பலர் சேர்ந்து எழுதிய கையேடாம். ஒவ்வொரு குறிப்பையும் அதில் உள்ளபடியே செய்து பார்ப்பார். வேலை செய்யாவிட்டால்தான் அழிப்பார்.

"பழசு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே, மேடம்?"

"புதுசா வர்றவங்க அதை நம்பிச் செய்வாங்க. ஓடாது. தனக்குத்தான் வரலைன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க. போனவங்க நம்மகிட்ட வந்து சொல்லவும் மாட்டாங்க."

அடுத்த குறிப்பில் அவர் விரல் தயங்கியது.

"இது யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"நான்தான். இதுல நான் எழுதின முதல் குறிப்பு."

செய்து பார்த்தார். ஓடவில்லை.

"அச்சா, இதுவும் போகட்டும்."

அழித்துவிட்டு நிம்மதியாக இறங்கிப் போனார். அழிக்கும் முன் நானாவது அதை ஒருமுறை படித்திருக்கலாமே என்று எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.