இரண்டு மொட்டைகள்

உரக்கடைக்காரர் என் இடுப்பில் கைவைத்ததும் நான் டிபன் பாக்ஸால் அவர் மூக்கில் ஒன்று போட்டேன். புத்தூரிலிருந்து திருப்பதி போகும் காலை பஸ், காலூன்ற இடமில்லாத கூட்டம். சாம்பார் அவருடைய வெள்ளைச் சட்டையில் வழிந்தது. "ஐயோ, சட்ட பாழாப் போச்சே" என்று ஒரு பெரியம்மா முந்தானையால் துடைத்துவிட்டார். என் இடுப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

அவர் எங்கள் தெருக்காரர். என் நைனா வயது, அதாவது அப்பா வயது. என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். நான் திருப்பதியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். அன்று வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் கதை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. கூடவே ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர்.

விசாரணை என்னிடம்தான். ஏன் நடுவில் நின்றாய்? துப்பட்டாவுக்கு ஏன் பின் குத்தவில்லை? அடுத்த பஸ்ஸில் வந்தால் என்ன? "பொம்பளைங்களுக்கு ஓசி பஸ் வுட்டதுலர்ந்தே இதான் கத" என்றார் ஒருவர். சர்க்கார் டிக்கெட்டை இலவசமாக்கியதும் ஆளும் இலவசம் என்று உரக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார் போல. கேட்டிருப்பேன், நைனா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றதற்கு நைனாதான் முதலில் பதறினார். "கேசு கீசுன்னா மானம் போயிடும்மா. நாளைக்கு உன்ன எவன் கட்டுவான்?"

கடைசியில் தீர்ப்பு சொன்னார்கள். உரக்கடைக்காரர் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும். நான் ஊர் வாய் அடங்கும்வரை வீட்டில் இருக்க வேண்டும். அவர் உடனே ஒத்துக்கொண்டார். தலையில் இருந்ததே நாலு முடி, ஒத்துக்கொள்ளாமல் என்ன?

மூன்றாம் நாள் தலையில் சந்தனம் மின்ன வந்து வீடு வீடாக லட்டு கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லட்டு மேல் எனக்கு என்ன கோபம்? முந்திரியைப் பொறுக்கித் தின்றேன்.

"நடந்தே மலை ஏறிக்கீறான். மொட்டையும் அட்ச்சிக்கினான். அய்போயிந்தி, வுடு" என்றார் அந்தப் பெரியவர்களில் ஒருவர். எதுவும் முடிந்தது என்று தெலுங்கில் சொன்னால்தான் எங்கள் ஊரில் முடியும்.

எனக்கு முடியவில்லை. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். "நைனா, அவர் மொட்ட போட்டதும் ஊர் வாய் மூடிச்சில்ல? நானும் போட்டுக்கறேன். அப்புறம் வேலைக்கு அனுப்பு" என்றேன். "கண்ணாலம் ஆவாத பொண்ணுடி நீ!" என்று அம்மா அழுதாள். நைனா யோசித்தார். சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்க அவருக்கும் பயம். சரி என்றார்.

திருமலையில் இடுப்புவரை இருந்த முடியைக் கொடுத்துவிட்டு நானும் சந்தனம் பூசிக்கொண்டு வந்தேன். வீடு வீடாக லட்டு கொடுத்தேன். எதிர்வீட்டு அத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். நான் படி இறங்குவதற்குள் உள்ளே பார்த்துச் சொன்னாள்: "தப்பு இல்லன்னா இவ எதுக்கு மொட்ட அட்ச்சிக்கினா?"

தெரு முழுக்க அதே பேச்சு. அவர் மொட்டையில் பாவம் போயிற்று, என் மொட்டையில் பாவம் ஊர்ஜிதமாயிற்று. ஆனாலும் நைனா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். திங்கட்கிழமை நான் மறுபடி பஸ் ஏறினேன்.

உரக்கடைக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மண்டையில் அரிசி நீளத்துக்கு முளைத்திருந்தது. எல்லோரும் என் தலையையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, நீங்க எதுக்கு மொட்ட போட்டீங்கன்னு சொல்லுங்க. நானும் எதுக்குன்னு சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும்."

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். "பெரிய மனுசன இப்டியா கேக்கறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற காலேஜ் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அந்தாளு என்கிட்டயும் அதே வேலதான், ரெண்டு மாசமா. சொல்லலாம்னுதான் இருந்தேன். உங்க மொட்டையப் பாத்துட்டு, சொன்னா தப்பு நம்ம மேலதான் வரும்னு வாய மூடிக்கினேன்."

எனக்கு மண்டையெல்லாம் எரிந்தது. லேபுக்கு போன் போட்டு, இன்று வர மாட்டேன், வேலை போனாலும் சரி என்றேன். போலீஸ் ஸ்டேஷன் எதிரில் இரண்டு பேரும் இறங்கினோம்.