நடுகல்லில் கட்டியிருந்த பச்சைத் துணி

எட்டயபுரம் சாலையில் உள்ள பழைய கற்களைப் பார்க்கப் போகலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். போகலாம். என் மச்சானைப் போன்ற ஆளோடு மட்டும் போகாதீர்கள்.

நாங்கள் போனது 1976 புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. துறைமுக அலுவலகத்தில் எனக்கு வாரத்தில் ஒருநாள்தான் லீவு. மில்லர்புரம் வீட்டில் நிம்மதியாகத் தூங்க வேண்டிய அந்த நாளில், மனைவியின் தம்பி சேகர் இரவல் காமிராவோடு வந்து எழுப்பினான். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்ட கல் ஒன்று கரிசல் காட்டில் இருக்கிறதாம், யாரும் இதுவரை படம் எடுக்கவில்லையாம். அவன் எடுக்காவிட்டால் உலகம் நின்றுவிடும் என்பது போலப் பேசினான்.

ஏழு மணி பஸ். டிக்கெட் ஒன்றே கால் ரூபாய். கண்டக்டர் எங்களை, கிளைப்பாதை பிரிகிற விலக்கு ஒன்று முன்னாலேயே இறக்கிவிட்டார். "அங்கன தெரியுதுல்லா பனை, அதுதான்" என்றார். பனை வரை இரண்டு மைல். பனைக்கு அப்புறமும் இரண்டு மைல் என்பதை அவர் சொல்லவில்லை. வழியெல்லாம் உடைமர முள். என் செருப்பு வார் பாதியிலேயே அறுந்தது. சேகர் அதற்கும் சிரித்தான்.

கல்லைக் குறை சொல்ல மாட்டேன். ஆள் உயரம். வில்லோடு ஒருவன், காலடியில் திமில் தூக்கிய மூன்று மாடுகள். மழையிலும் வெயிலிலும் முகம் மழுங்கியிருந்தாலும் நிற்கிற தோரணை மாறவில்லை. கல்லின் கழுத்தில் அழுக்காக ஒரு பச்சைத் துணி கட்டியிருந்தது. "படத்துல அசிங்கமா இருக்கும் அத்தான்" என்று சேகர் அதை அவிழ்த்து முள்செடியில் எறிந்தான். முன்னால் நின்று, பின்னால் நின்று, குப்புறப் படுத்து என்று படமாக எடுத்துத் தள்ளினான்.

நாங்கள் வேம்படியில் தயிர்சாதம் சாப்பிடும்போது ஒரு பெரிய ஆட்டுமந்தை வந்தது. முன்னால் வந்த கிடைக்காரர், அதாவது ராத்திரியில் புஞ்சைகளில் ஆட்டை அடைத்து உரம் சேர்க்கிறவர், கல்லைப் பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், மந்தையை மேற்கே திருப்பிக்கொண்டு போனார். சேகர் அதையும் படம் எடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வேகமாக வந்தாள். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"எய்யா, இதுல பச்சத் துணி கட்டியிருந்தேனே, எங்கன?"

சேகர் முள்செடியைக் காட்டினான். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கிடைக்காரரு துணியப் பாத்துத்தான் வருவாரு. பச்சைன்னா என் புஞ்சை. துணி இல்லன்னா எனக்குக் கிடை வேண்டாம்னு அர்த்தம். உரம் வாங்க எனக்கு வக்கு கிடையாது. ஆடு ராத்திரி கிடந்தாத்தான் என் மண்ணு விளையும்."

மந்தையைத் துரத்திக்கொண்டு அறுந்த செருப்போடு இன்னொரு ஒன்றரை மைல். சேகரை என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. கிடைக்காரர் கோபப்படவில்லை.

"நான் அடுத்த புஞ்சைக்கு வாக்குக் குடுத்துட்டேன் தம்பி. மூணு ராத்திரி இங்கன, அப்புறம் மழைக்கு முன்ன ஆத்துப் பக்கம் போயிருவோம். அந்தப் புஞ்சைக்கார அண்ணாச்சி விட்டுக்குடுத்தா இப்பமே திருப்புதேன்."

அந்த அண்ணாச்சி வேறு யாருமில்லை, பேச்சியம்மாளின் செத்துப்போன கணவனுக்கு அண்ணன். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். சேகர் கையெடுத்துக் கும்பிட்டே கேட்டான்.

"என் தம்பி போனதும் அவன் புஞ்சைய எங்கிட்டக் குடுன்னு சொன்னேன். தனியா விளைய வைக்கேன், ஒங்க வாசல்ல வந்து நிக்க மாட்டேன்னு சொன்னவ அவ. இப்பம் அவளே வந்து கேக்கட்டும்."

எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது. சேகரையும்தான். திரும்பி வந்து சொன்னோம். பேச்சியம்மாள் துணியிலிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். "அப்படியா சொன்னாரு" என்றாள். பிறகு எழுந்தாள். கூட வருகிறோம் என்றோம்.

"வேண்டாம். நீங்க வந்தா அதையும் சொல்லிக் காட்டுவாரு."

இனிப் போகிறவர்கள் கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டு இறங்குங்கள். தண்ணீர் கொண்டு போங்கள், வழியில் கிடைக்காது. கெட்டிச் செருப்பு வேண்டும். புரட்டாசி தாண்டினால் கரிசலில் கால் புதையும். கல்லில் துணியோ கயிறோ இலையோ எது கட்டியிருந்தாலும் அப்படியே படம் எடுங்கள். அது யாரோ ஒருவருடைய பேச்சு.

நாங்கள் கல்லுக்குப் பக்கத்திலிருந்த சரியான விலக்கில் சாயங்கால பஸ்ஸுக்கு நின்றபோது மந்தை கிழக்கே, பச்சைத் துணிக்காரியின் புஞ்சையை நோக்கி வந்துகொண்டிருந்தது. சேகர் சந்தோஷத்தில் கையை ஆட்டினான். ஆடுகளுக்கு முன்னால் அவள் தலையைக் குனிந்தபடி நடந்து வந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.