காணாமல் போன ஜாடி

அலுவலகத்தில் எல்லோரும் அவரை ஜாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாவாவில் நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. பிறர் எழுதி வைத்த லைப்ரரிகளையும் எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அவை 'ஜார்' என்ற கோப்புகளாக வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா அதை ஜாடி என்று சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்காக அவர் முகம் சுளித்ததில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் பதிவுச் சீட்டு எழுதும் மேசையில் இருந்தார். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது, "வயசு போடாம அடுத்த பக்கம் போகவே விடல. மயக்கத்துல வர்றவங்ககிட்ட நான் எப்படிங்க வயசு கேக்குறது?" என்று நிரல் எழுதியவர்களை உண்டு இல்லை என்று ஆக்கினார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், முப்பத்தாறு வயதில் தானே படிக்கக் கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர் கரண்டியைக் கையில் எடுத்தார். முதல் ஆறு மாதம் அவர் சமையலும் தன் நிரலும் ஒரே லட்சணத்தில்தான் இருந்தன என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

ரத்ததானம் செய்கிறவர்களின் பட்டியலைக் காட்டும் இணையதளம் அக்காவின் குழுவுடைய பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை காலை அதைப் புது சர்வருக்கு மாற்றினார்கள். மாற்றியவள் அக்காவுக்குப் பக்கத்து மேசைப் பெண். பத்து மணிக்கெல்லாம் ரத்த வங்கி நர்ஸின் ஃபோன் வந்துவிட்டது.

"பக்கமே திறக்கலைங்க! பிரசவ கேஸ், கிடைக்காத குரூப். ஆள் தேடணும்."

டீம் லீடருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. "எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடுவோம்" என்றார். "என் மெஷின்ல நல்லா ஓடுச்சே" என்று அந்தப் பெண் கண் கலங்கினாள்.

அக்கா ஃபோனை வாங்கினார். "சிஸ்டர், லைன்லயே இருங்க. எழுதப் பேனா இருக்கா?"

இணையதளம்தான் படுத்திருந்தது, தரவுகள் பத்திரமாக இருந்தன. அக்கா நேரே அதற்குள் போய் அந்த குரூப்பைத் தேடினார். பதினோரு பேர் கிடைத்தார்கள். பெயரையும் எண்ணையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். நர்ஸ் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். அதை முடித்த பிறகுதான் அக்கா கோளாறின் பக்கமே திரும்பினார்.

திரையில் பிழைச் செய்தி அறுபது வரிக்கு நீண்டிருந்தது. மற்றவர்கள் மேலே நாலு வரியோடு நிறுத்தியிருந்தார்கள். அக்கா விரலை வைத்துக் கீழே இறங்கினார். அடியில், லைப்ரரிக்குள் இருக்க வேண்டிய இன்ன 'கிளாஸ்' என்ற நிரல் துண்டைக் காணவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருந்தது.

"அழிக்க வேணாம் தம்பி. ஒரு ஜாடி வரல, அவ்வளவுதான்" என்றவர், சர்வருக்கு அனுப்பிய கோப்பைப் பிரித்துப் பார்த்தார். அந்த லைப்ரரி உள்ளே இல்லை. சேர்த்து, மறுபடி ஓட்டினார்கள். இப்போது வேறு ஒரு பிழை.

"போச்சு!" என்றார் டீம் லீடர்.

"ஏன் போச்சுங்கறீங்க? பழசு தீர்ந்ததாலதானே புதுசு வருது!" அக்காவின் முகத்தில் உண்மையிலேயே சந்தோஷம். முதல் லைப்ரரிக்குத் துணையாக இன்னொன்று தேவைப்பட்டது, அதையும் சேர்த்தார். பக்கம் திறந்தது.

எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டபோது அக்கா மட்டும் பழைய சர்வரைத் துழாவிக்கொண்டிருந்தார். அதன் பொது ஃபோல்டரில் அந்த இரண்டு ஜார்களும் உட்கார்ந்திருந்தன. வைத்த தேதியைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் அவசரத்தில் அவரே கையால் போட்டவை. அந்த ஃபோல்டரை எல்லோரும் அப்படியே நகலெடுத்து வைத்திருந்ததால்தான் அவரவர் மெஷினில் நிரல் ஓடியிருக்கிறது; புது சர்வருக்கு மட்டும் அது போகவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா எழுந்து நின்றார்.

"இது இந்தப் பொண்ணு தப்பில்ல. அன்னிக்கு நான் போட்டேன்; ஒருத்தர்கிட்டயும் சொல்லல, எங்கேயும் எழுதி வைக்கல. தப்பு என்னோடது."

பக்கத்து மேசைப் பெண் நாற்காலியை இழுத்து அவர் அருகில் போட்டுக்கொண்டாள். பகல் முழுக்க இருவருமாக, நிரலுக்கு வேண்டிய ஒவ்வொரு லைப்ரரியின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரே கோப்பில் குறித்தார்கள். இனி கம்ப்யூட்டரே அதைப் படித்து எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளும். யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை.

சாயங்காலம் நர்ஸ் கூப்பிட்டார். பதினோரு பேரில் மூன்று பேர் ஓடி வந்தார்களாம். தாயும் குழந்தையும் நலம். அக்கா "ரொம்ப சந்தோஷம் சிஸ்டர்" என்று ஃபோனை வைத்துவிட்டு, முகம் கழுவப் போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் வந்தார்.

அடுத்த வருடமும் சர்வரை மாற்றினார்கள். அன்று அக்கா தங்கை வீட்டில் இருந்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஃபோனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, ஒருத்தரும் கூப்பிடவில்லையே என்று கொஞ்சம் வருத்தம்கூட.